பழைய கேம், புதிய கன்சோல்: ஓடுவதும் ஓடாததும் யார் கையில்?

டிஸ்க் டிரைவ் உள்ள பிளேஸ்டேஷன் 5 கன்சோலில் டிவிடி ஓடும். இருபது ஆண்டுகளுக்கு முன் வாங்கிய திரைப்பட டிவிடியைச் செருகினால் இன்றும் படம் பார்க்கலாம். அதே காலத்தில் அதே வகை டிவிடியில் வெளிவந்த பிளேஸ்டேஷன் 2 கேமைச் செருகினால் கன்சோல் அதை ஏற்காது. டிஸ்கைப் படிக்கும் லேசர் உள்ளே இருக்கிறது. பழையதைவிடப் பல மடங்கு வேகமான சிப்பும் இருக்கிறது. இரண்டு கன்சோல்களையும் செய்தது சோனிதான். பிறகு ஏன் ஓட மறுக்கிறது?

பழைய கேம்களைப் புதிய கன்சோல் ஏற்று ஓட்டுவதை ‘பேக்வர்ட் கம்பாட்டிபிலிட்டி’ என்கிறார்கள். இதை முழுக்க முழுக்கத் தொழில்நுட்பச் சிக்கலாகவே பலரும் பார்க்கிறார்கள். அது பாதி உண்மைதான். மீதியைத் தீர்மானிப்பவை பணமும் ஒப்பந்தமும்.

முதலில் தொழில்நுட்பத்தைப் பார்ப்போம். திரைப்பட டிவிடியில் இருப்பது படமும் ஒலியும். எந்த பிளேயரும் புரிந்துகொள்ளும்படி பொதுவாக வரையறுத்த வடிவத்தில் அவை பதிவாகியிருக்கும். கேம் டிஸ்கில் இருப்பவையோ கட்டளைகள், அதுவும் ஒரு குறிப்பிட்ட செயலிக்கு மட்டுமே புரியும் கட்டளைகள். கணினியில் கேமுக்கும் சிப்புக்கும் இடையே விண்டோஸ் போன்ற இயங்குதளம் நிற்கிறது. சிப் மாறினாலும் அது சமாளித்துக்கொள்ளும். பழைய கன்சோல்களில் அப்படி இடையில் நிற்க ஆளில்லை. எல்லார் வீட்டிலும் ஒரே சிப்தான் என்ற உறுதி இருந்ததால், கேம் எழுதியவர்கள் அந்தச் சிப்பின் ஒவ்வொரு மூலையையும் அறிந்து அதனிடமே நேரடியாக வேலை வாங்கினார்கள். ஒரு வேலை முடிய எத்தனை நுண்நொடி ஆகும் என்பதைக்கூடக் கணக்கில் வைத்து எழுதினார்கள். சிறிய சிப்பில் அவ்வளவு பெரிய உலகங்களைக் காட்ட முடிந்தது அந்தத் திறமையால்தான். சிப் மாறியதும் அந்தக் கேம்கள் நின்றுபோகக் காரணமும் அதுவே.

பழைய சிப்பையே உள்ளே வைப்பது

மிக எளிய வழி, பழைய கன்சோலின் சிப்பைப் புதியதற்குள்ளும் வைத்துவிடுவது. 1986-இல் பரவலாக விற்பனைக்கு வந்த அட்டாரி 7800, தனக்கு முந்தைய 2600-இன் கேம்களை இப்படித்தான் ஓட்டியது. 2001-இல் வந்த கேம் பாய் அட்வான்ஸுக்குள், முந்தைய கேம் பாய் கேட்ரிட்ஜ்களுக்காகவே ஒரு 8-பிட் செயலி இருந்தது.

இந்த வழியை மிக அழகாகக் கையாண்டது 2000-இல் வெளியான பிளேஸ்டேஷன் 2. முதல் பிளேஸ்டேஷனின் செயலியை அதன் பொறியாளர்கள் வீணாகச் சும்மா உட்கார வைக்கவில்லை. பிஎஸ்2 கேம் ஓடும்போது கன்ட்ரோலர், மெமரி கார்டு, டிஸ்க் டிரைவ் ஆகியவற்றைக் கவனிக்கும் வேலையை அதற்குக் கொடுத்தார்கள். பழைய டிஸ்கைப் போட்டால் அதே செயலி முதன்மைச் செயலியாக மாறிவிடும். இதனால் கையில் ஏற்கெனவே ஒரு குவியல் பிஎஸ்1 டிஸ்க் வைத்திருந்தவர் தயங்காமல் புதிய கன்சோலுக்கு மாற முடிந்தது. பிஎஸ்2 உலகெங்கும் 15 கோடிக்கும் மேல் விற்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்த தலைமுறையிலும் சோனி அதையே செய்யப் பார்த்தது. 2006 நவம்பரில் வந்த பிஎஸ்3-இன் 20 ஜிபி, 60 ஜிபி மாடல்களுக்குள் பிஎஸ்2-வின் செயலியும் கிராஃபிக்ஸ் சிப்பும் அப்படியே இருந்தன. அமெரிக்காவில் 60 ஜிபி மாடலின் விலை 599 டாலர். அந்த விலைக்கும் சோனிக்கு நட்டம். எதைக் கழற்றினால் செலவு குறையும் என்று தேடியபோது முதலில் கண்ணில் பட்டவை பழைய சிப்கள். 2007 மார்ச்சில் ஐரோப்பாவுக்கு வந்த மாடலில் பிஎஸ்2 செயலி இல்லை. அதன் வேலையை மென்பொருள் ஏற்றுக்கொண்டது, கிராஃபிக்ஸ் சிப் மட்டும் மிஞ்சியது. அந்த ஆண்டின் இறுதியில் வந்த 40 ஜிபி மாடலில் அதுவும் போயிற்று. ஒரே பெயருடைய கன்சோலை ஓராண்டு இடைவெளியில் வாங்கிய இருவரில், ஒருவரிடம் பிஎஸ்2 கேம் முழுமையாக ஓடியது. மற்றவரிடம் ஓடவே இல்லை.

போலச் செய்யும் மென்பொருள்

சிப் இல்லாவிட்டால் அடுத்த வழி எமுலேட்டர். பழைய சிப் என்ன செய்யுமோ அதைப் புதிய சிப்பின் மேல் செய்துகாட்டும் மென்பொருள் இது. கேம் தன் மொழியில் பேச, எமுலேட்டர் துபாஷிபோல் நின்று ஒவ்வொரு சொல்லையும் மாற்றிச் சொல்லும். நொடிக்கு 60 படம் திரையில் மாற வேண்டும் என்றால் ஒரு படத்துக்குக் கிடைப்பது நொடியில் அறுபதில் ஒரு பங்கு. மாற்றிச் சொல்லும் வேலை முழுவதும் அதற்குள் முடிந்தாக வேண்டும்.

இதற்கு எவ்வளவு ஆற்றல் தேவை என்பது கேட்பவரை வியக்க வைக்கும். 1990-இல் வந்த சூப்பர் நின்டெண்டோ செயலியின் உச்ச வேகம் 3.58 மெகாஹெர்ட்ஸ். அதைச் சிறு பிசகும் இல்லாமல் போலச் செய்ய எழுதிய ஓர் எமுலேட்டருக்கு 3 கிகாஹெர்ட்ஸ் அளவு வேகமுள்ள கணினி தேவை என்று அதை உருவாக்கியவரே 2011-இல் விளக்கினார். எண்ணூறு மடங்குக்கும் மேல்!

இப்போது பிஎஸ்3-இன் நிலையை யோசித்துப் பாருங்கள். அதன் ‘செல்’ செயலி 3.2 கிகாஹெர்ட்ஸில் ஓடியது. ஒரு முதன்மை மையத்தோடு, கேம்களுக்கென்று ஆறு துணை மையங்கள். ஒவ்வொரு துணை மையத்துக்கும் 256 கிலோபைட் தனி நினைவகம். எந்தத் தரவு எப்போது எந்த மையத்துக்குப் போக வேண்டும் என்பதைக் கேம் எழுதுபவரே கவனித்துக்கொள்ள வேண்டும். இந்த அமைப்புக்கு ஏற்பத் தவம்போல் உழைத்து எழுதிய கேம்களை, 2013-இல் வந்த பிஎஸ்4-இன் 1.6 கிகாஹெர்ட்ஸ் சிப்பால் போலச் செய்ய வழியே இல்லை. அதனால் சோனி வேறு பாதை எடுத்தது. தரவு மையங்களில் பிஎஸ்3 வன்பொருளையே நிறுத்தி, கேமை அங்கே ஓட்டி, காட்சியை மட்டும் இணையத்தில் வீட்டுக்கு அனுப்பியது. அந்தப் பாதை நமக்குத் திறக்கவில்லை. 2022-இல் பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தா புதிய வடிவம் பெற்றபோது, இந்தியாவுக்குக் கிடைத்த உயர்நிலைச் சந்தா ‘டீலக்ஸ்’. அதில் ஸ்ட்ரீமிங் இல்லை. ஆகவே பிஎஸ்3 கேம்களும் இல்லை.

இதற்கிடையே ஆர்பிசிஎஸ்3 என்ற எமுலேட்டரைத் தன்னார்வலர்கள் 2011 முதல் வளர்த்துவருகிறார்கள். நல்ல கணினி இருந்தால் பெரும்பாலான பிஎஸ்3 கேம்கள் இன்று அதில் ஓடுகின்றன. சம்பளம் வாங்காதவர்கள், சிப்பை வடிவமைத்த நிறுவனத்திடமிருந்து எந்த உதவியும் பெறாமல் இதைச் செய்திருக்கிறார்கள். செய்ய முடியாத வேலை என்று இனி யாரும் சொல்ல முடியாது.

டிஸ்க் வெறும் சாட்சி

மைக்ரோசாஃப்ட்டின் கதை வேறு மாதிரி. 2013-இல் எக்ஸ்பாக்ஸ் ஒன் வந்தபோது எக்ஸ்பாக்ஸ் 360 கேம் எதுவும் அதில் ஓடவில்லை. பழைய கேம்கள் மீது அக்கறை காட்டுவதே பின்னோக்கிப் போவதுதான் என்ற தொனியில் அன்று எக்ஸ்பாக்ஸ் பிரிவின் தலைவராக இருந்த டான் மேட்ரிக் பேசினார். பின்னர் தலைமையேற்ற ஃபில் ஸ்பென்சர் 2015 ஜூனில் அதை அப்படியே புரட்டிப் போட்டார். அந்த நவம்பரில் 104 எக்ஸ்பாக்ஸ் 360 கேம்கள் எக்ஸ்பாக்ஸ் ஒன்னில் ஓடத் தொடங்கின. 2017-இல் முதல் எக்ஸ்பாக்ஸின் கேம்களும் சேர்ந்தன. சில கேம்கள் பிறந்த கன்சோலில் ஓடியதைவிடத் தெளிவாகவும் சீராகவும் ஓடின. கன்சோல் வரலாற்றில் இதைவிட நேர்மையாகச் செய்யப்பட்ட பழைய கேம் திட்டம் வேறொன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

ஆனாலும் அது வேலை செய்யும் விதத்தைக் கவனியுங்கள். பழைய டிஸ்கைச் செருகினால் கன்சோல் அதிலிருந்து கேமை எடுத்து ஓட்டுவதில்லை. நீங்கள் அந்தக் கேமை வாங்கியவர்தான் என்பதற்கு டிஸ்க் சாட்சி, அவ்வளவே. எமுலேட்டரோடு சேர்த்துப் புதிதாகப் பொதியிட்ட கேம் முழுவதும் இணையத்தில் இறங்கும். இப்படி மீண்டும் விநியோகிக்க, கேமை வெளியிட்ட நிறுவனத்தின் அனுமதி வேண்டும். அனுமதி கிடைக்காத கேமை மைக்ரோசாஃப்ட் தொட முடியாது.

அனுமதி தரவேண்டியவர் யார் என்பதே பல வேளைகளில் தெரியாது. வெளியீட்டு நிறுவனம் மூடியிருக்கும், அல்லது கைமாறி நான்காவது உரிமையாளரிடம் இருக்கும். பந்தயக் கேமில் வரும் கார்களுக்கும், விளையாட்டு கேமில் வரும் வீரர்களின் முகங்களுக்கும், பின்னணியில் ஒலிக்கும் பாட்டுகளுக்கும் தனித்தனி ஒப்பந்தம். பலவற்றுக்குக் காலக்கெடு உண்டு. ‘ஆலன் வேக்’ என்ற கேம் 2017 மே மாதம் ஆன்லைன் கடைகளிலிருந்து நீக்கப்பட்டது. அதில் குறை ஒன்றும் இல்லை; பாடல்களின் உரிமம் முடிந்துவிட்டது. மீண்டும் உரிமம் பெற்று, அடுத்த ஆண்டு அக்டோபரில்தான் திரும்பியது. அதற்காகப் பேச்சு நடத்த ஆளும் பணமும் இருந்ததால் வந்தது. அப்படி யாரும் இல்லாத கேம்கள்தான் மிகுதி.

2021 நவம்பரில், 70-க்கும் மேற்பட்ட கேம்களைக் கடைசித் தவணையாகச் சேர்த்துவிட்டு மைக்ரோசாஃப்ட் அந்தப் பட்டியலை மூடியது. உரிமம், சட்டம், தொழில்நுட்பம் ஆகியவற்றின் எல்லையைத் தொட்டுவிட்டோம் என்பது அது சொன்ன காரணம். எக்ஸ்பாக்ஸ் 360-க்கு வந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கேம்களில் உள்ளே வந்தவை 600-க்குச் சற்று அதிகம்.

வணிகக் கணக்கும் இதில் இருக்கிறது. ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ 2013-இல் பிஎஸ்3-க்கு வந்தது. மெருகேற்றிய பதிப்பு 2014-இல் பிஎஸ்4-க்கும், புதிதாக உருவாக்கிய பதிப்பு 2022-இல் பிஎஸ்5-க்கும் வந்தன. மறு உருவாக்கங்களில் உண்மையான உழைப்பு இருக்கிறது. விலை கொடுப்பதில் தவறில்லை. ஆனால் பழைய டிஸ்க் ஓடாதபோது, வாங்கியவருக்கு வேறு வழி விடப்படுவதில்லை. ஏற்கெனவே பணம் கொடுத்தவரிடம் அதே கதைக்கு மறுபடி பணம் கேட்பதை நான் நியாயம் என்று ஏற்க மாட்டேன்.

இன்றைய கன்சோல்களும் நாளைய சிக்கலும்

இந்தத் தலைமுறையில் நிலைமை எவ்வளவோ மேல். பிஎஸ்4, பிஎஸ்5 இரண்டின் சிப்களும் ஒரே குடும்பம். பிஎஸ்4-இன் கிராஃபிக்ஸ் சிப்பில் 18 கணிப்பு அலகுகள். பிஎஸ்4 புரோவில் 36. பிஎஸ்5-இலும் அதே 36. பழைய கேம்கள் தடுமாறாதபடி, பழைய சிப்களின் நடத்தையையும் புதிய சிப்புக்குள் பொறியாளர்கள் அமைத்தார்கள். நான்காயிரத்துக்கும் மேற்பட்ட பிஎஸ்4 கேம்களில், பிஎஸ்5-இல் ஓடாதவை என்று வெளியீட்டின்போது சோனி பட்டியலிட்டவை பத்து மட்டுமே. 2025 ஜூனில் வந்த நின்டெண்டோ ஸ்விட்ச் 2-க்குள் பழைய ஸ்விட்ச்சின் சிப் இல்லை. முழு எமுலேட்டர் வைத்தால் பேட்டரி தாங்காது. அதனால் கேமின் தரவை வாசிக்கும்போதே மாற்றிக்கொள்ளும் ஓர் இடைப்பட்ட முறையை அதன் பொறியாளர்கள் உருவாக்கினார்கள். முந்தைய ஸ்விட்ச் கேம்களில் மிகப் பெரும்பாலானவை அதில் ஓடுகின்றன.

ஆனால் சிப் சிக்கல் தீரும் இதே நேரத்தில் டிஸ்க்கே மறைகிறது. டிரைவ் இல்லாத கன்சோல்கள் பெருகுகின்றன. ஸ்விட்ச் 2-க்கு வரும் ‘கேம் கீ கார்டு’ என்ற வகை கேட்ரிட்ஜில் கேம் இருப்பதில்லை. அதைச் செருகி இணையத்திலிருந்து கேமை இறக்கிக்கொள்ள வேண்டும். கடை ஒருநாள் மூடும். வீ யு, 3டிஎஸ் கன்சோல்களின் ஆன்லைன் கடைகள் 2023 மார்ச்சிலும், எக்ஸ்பாக்ஸ் 360-இன் கடை 2024 ஜூலையிலும் மூடப்பட்டன. அங்கே மட்டும் விற்ற கேம்களை இனிமேல் யாரும் முறையாக வாங்க முடியாது.

2010-க்கு முன் அமெரிக்காவில் வெளியான கேம்களில் 87 விழுக்காடு இன்று எந்த வடிவிலும் விற்பனையில் இல்லை என்று வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023-இல் வெளியிட்ட ஆய்வு சொன்னது. அவற்றை நூலகங்கள் ஆய்வாளர்களுக்குத் தொலைவிலிருந்தே பயன்படுத்தத் தர அனுமதி கேட்டபோது, அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2024 அக்டோபரில் மறுத்துவிட்டது. நம் பக்கத்து எடுத்துக்காட்டும் உண்டு. ஹைதராபாத் நிறுவனம் ஒன்று உருவாக்கிய ‘ஹனுமான்: பாய் வாரியர்’ 2009-இல் பிஎஸ்2-க்கு வெளிவந்தது. இந்தியாவில் கன்சோலுக்காக உருவான தொடக்ககாலக் கேம்களில் ஒன்று அது. அந்த டிஸ்கை பிஎஸ்4-உம் ஏற்காது, பிஎஸ்5-உம் ஏற்காது. நிறுவனம் விற்பதை நிறுத்திவிட்ட கேமை நூலகங்கள் காத்து, ஓட்டிக் காட்டச் சட்டம் வழிவிட வேண்டும். புத்தகத்துக்கும் திரைப்படத்துக்கும் ஆவணக் காப்பகம் இருப்பதை நாம் இயல்பாக ஏற்கிறோம். கேமுக்கு மட்டும் அது ஏன் கூடாது?

புதிய கன்சோல் வாங்கப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியவை சில உண்டு. பிஎஸ்4 டிஸ்க்குகள் கையில் இருந்தால் டிரைவ் உள்ள பிஎஸ்5 வாங்குங்கள். இல்லையெனில் டிரைவைத் தனியாகப் பொருத்தக்கூடிய மாடலா என்று கேட்டு வாங்குங்கள். எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ்-இல் டிரைவே கிடையாது. உங்கள் கேம் மைக்ரோசாஃப்ட்டின் பட்டியலில் இருந்தாலும் டிஸ்க் பயன்படாது. பழைய கன்சோலை எடைக்குப் போடும் முன், கையிலுள்ள கேம்களில் எவை புதியதில் ஓடும் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். உங்கள் பிஎஸ்3 2006-இல் வந்த 60 ஜிபி மாடலாக இருந்தால் அதை விற்காதீர்கள்: பிஎஸ்1, பிஎஸ்2, பிஎஸ்3 மூன்றின் டிஸ்க்குகளையும் அது ஓட்டும், அதற்குப் பின் சோனி செய்த எந்தக் கன்சோலும் அந்த அளவுக்கு முழுமையாக ஓட்டியதில்லை.