சர்க்கரை உணர்த்தும் செய்தி

சர்க்கரை என்றதும் நாவின் சுவையும் நீரிழிவு நோயுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆயின் உயிரணுக்களின் உலகில் சர்க்கரை ஓர் அடையாளச் சின்னமும் ஆகும். நம் உயிரணுக்களும், பாக்டீரியாக்களுள் பலவும் சர்க்கரைத் தொடர்களைப் போர்த்தியுள்ளன. வந்தது உறவா, பகையா என நோய் எதிர்ப்பணுக்கள் தேர்வதற்கு அப்போர்வையும் துணைபுரிகிறது.

குழந்தைகளுக்கு மூளையுறை அழற்சியையும் நிமோனியாவையும் உண்டாக்குவது 'ஹிப்' என்னும் பாக்டீரியா. அதன் போர்வைச் சர்க்கரையை மட்டும் கொண்ட தடுப்பூசி 1985இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அது கைக்குழந்தைகளைக் காக்கவில்லை. அவர்தம் எதிர்ப்பணுக்கள் தனிச் சர்க்கரையைப் பொருட்படுத்துவதில்லை. அதே சர்க்கரையைப் புரதத்தோடு பிணைத்தபோது 'டி' அணுக்களின் துணை கிட்டியது. 'பி' அணுக்கள் எதிர்ப்பொருளை ஆக்கியதோடு பகையை நினைவிலும் கொண்டன. தனித்து நின்று பொருள் தராத எழுத்து, சொல்லில் அமைந்து பொருள் தருவதை இஃது ஒக்கும்.

பாக்டீரியாவை வளர்க்காமலேயே அச்சர்க்கரைத் தொடரை ஆய்வகத்தில் செயற்கையாக ஆக்கி, அதனைக் கொண்டு தடுப்பூசி செய்த முறையைக் கியூப நாட்டு அறிஞர்கள் 2004இல் வெளியிட்டனர்.

எதிர்ப்பணுக்களை எழுப்புவது போலவே அமர்த்தவும் இயலுமா? செயற்கைப் பாலிமர் இழையில் சர்க்கரைகளை மணிகளெனக் கோக்கும் ஆய்வு இவ்வினாவுக்கு விடை தேடுகிறது. ஒற்றைச் சர்க்கரையை அணு தளர்வாகவே பற்றும். பல சர்க்கரைகள் ஒருங்கே அமைந்தால் பிடி இறுகும். நம் உடலணுக்கள் அணியும் சியாலிக் அமிலச் சர்க்கரையையும் அயற்பொருளையும் ஒரே இழையில் கோத்தபோது, 'பி' அணுக்களின் கிளர்ச்சி அடங்கியதை அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வு 2009இல் காட்டியது. தன் உடலையே தாக்கும் நோய்களுக்கு இதனால் வழி பிறக்கலாம். எனினும் அது மருந்தாகும் நாள் இனிமேல்தான் வரவேண்டும்.

புரதத்தோடு பிணைத்த சர்க்கரையோ நம் வாயிலுக்கே வந்துவிட்டது. ஹிப் உள்ளிட்ட ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலன்ட் தடுப்பூசி, தமிழகத்திலும் கேரளத்திலும் 2011 டிசம்பரில் அரசுத் திட்டத்தில் சேர்ந்தது. பிறந்த 6, 10, 14ஆம் வாரங்களில் அதனை இலவசமாக இடுகின்றனர். சேர்வராயன் மலையூர்களிலும் அடிவாரத்திலும் பணியின் பொருட்டு இடம்பெயரும் குடும்பங்களில் ஒரு தவணை தவறிவிடுதல் எளிது. தவறிய தவணையை நினைவூட்டி, தாயையும் சேயையும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பிவைத்தல் மாணவர்க்கும் ஊர்ப் பெரியோர்க்கும் அரிய செயலன்று. அறிவியல் கற்ற பயன் அவ்விடத்தே விளங்கும் என்பது நம் துணிபு.