மயக்க மருந்து கொடுத்த பிறகும் காது கேட்கிறதா?

ஆபரேஷன் தியேட்டரில் மயக்க மருந்து ஏறியதும் காதும் அடைத்துப்போகும் என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். ஆனால் காது தன் வேலையை நிறுத்துவதில்லை. வந்து சேர்ந்த ஒலியை மூளை என்ன செய்கிறது என்பதுதான் மாறுகிறது.

உட்காதில் நத்தைக் கூடு போலிருக்கும் காக்ளியாவின் மயிர்ச் செல்கள் ஒலியின் அதிர்வை மின்துடிப்பாக மாற்றுகின்றன. அது செவி நரம்பு வழியாக மூளைத்தண்டுக்கும், பிறகு தலாமஸைக் கடந்து மூளையின் மேலடுக்கான புறணிக்கும் செல்கிறது. மூளைத்தண்டு வரையிலான பயணம் 10 மில்லி விநாடிக்குள் முடிந்துவிடும். இந்தப் பகுதியை மயக்க மருந்து அதிகம் பாதிப்பதில்லை.

குழந்தைகளுக்குச் செய்யும் 'பெரா' பரிசோதனை இதை நம்பித்தான் நடக்கிறது. குழந்தை அசைந்தால் பதிவு கெட்டுவிடும் என்பதால் தூங்க வைத்தே எடுக்கிறார்கள். "தூங்குற பிள்ளைக்கு எப்படிக் கேட்கும்?" என்று பெற்றோர் பதற வேண்டாம். அதே சமயம், மூளைத்தண்டு வரை பாதை சரியாக இருக்கிறதா என்பதைத்தான் பெரா காட்டும். பேச்சு புரிகிறதா என்பதை அது சொல்லாது.

உண்மையான வித்தியாசம் புறணியில் இருக்கிறது. மயக்கத்தில் இருந்த விலங்குகளை வைத்தே பல ஆண்டுகள் ஆய்வு நடந்ததால், அங்குள்ள செல்கள் ஒலி தொடங்கும்போது மட்டும் ஒரு துடிப்புத் துடித்து அடங்கிவிடும் என்று கருதப்பட்டது. 2005-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷியாவ்சின் வாங் குழுவினர் விழித்திருந்த மார்மொசெட் குரங்குகளிடம் இதைச் சோதித்தார்கள். ஒவ்வொரு செல்லுக்கும் அதற்குப் பிடித்த ஒலி ஒன்று உண்டு. அது கிடைத்தால், ஒலி நீடிக்கும் வரை அந்தச் செல்லும் துடித்துக்கொண்டே இருந்தது! மற்ற ஒலிகளுக்குத்தான் தொடக்கத்தில் ஒரு துடிப்போடு சரி.

மனிதர்களிடம் நடந்த ஆய்வு ஒன்று 2020-ல் வெளியானது. வலிப்பு நோய் சிகிச்சைக்காக மூளைக்குள் மின்முனைகள் பொருத்தப்பட்டிருந்தவர்களுக்கு ப்ரோபோஃபால் மருந்து தரப்பட்டது. அவர்கள் நினைவிழந்த பிறகும், ஒலியை முதலில் வாங்கும் புறணிப் பகுதி 'கிளிக்' ஒலிகளுக்குப் பதில் தந்தது. அதைத் தாண்டிய பகுதிகளிலோ பதில் வெகுவாகக் குறைந்துவிட்டது. தபால் வாசல் வரை வருகிறது, வீட்டுக்குள் எடுத்துச் செல்லத்தான் ஆளில்லை.

மருந்து குறைந்து நோயாளி தெளியும் நேரத்தில் உள்பகுதிகள் மெல்ல விழிக்கத் தொடங்குகின்றன. கண்கள் அப்போதும் மூடியே இருக்கலாம். கட்டிலைச் சுற்றி நின்று உறவினர்கள் நோயைப் பற்றியும் பில்லைப் பற்றியும் பேசுவதெல்லாம் பெரும்பாலும் இந்த நேரத்தில்தான்.