பழைய பேப்பரில் ஒரு எதிர்காலம்: வீட்டு ஸ்கேனரில் காப்பாற்றலாம்!

கம்ப்யூட்டர் வாங்கியாயிற்று. பிரிண்டரோடு ஸ்கேனரும் சேர்ந்தே வந்துவிட்டது. மார்க் ஷீட்டையும் ரேஷன் கார்டையும் ஸ்கேன் செய்து வைத்த பிறகு அது சும்மாதான் கிடக்கிறது என்கிறீர்களா? அதற்கு உருப்படியான வேலை ஒன்று சொல்கிறேன்.

நான் திருவொற்றியூர்வாசி. எதிர்காலம் எப்படி இருக்கும் என்று அந்தக் காலத்தில் கற்பனை செய்த கதைகளும் படங்களும் எனக்குப் பிடிக்கும். அவை தொடர்பான பத்திரிகைப் பக்கங்கள், சினிமா பாட்டுப் புத்தகங்கள், நோட்டீஸ்கள், காமிக்ஸ்கள் எது கிடைத்தாலும் சேர்த்து வைப்பேன்.

தமிழில் அப்படி என்ன இருக்கிறது?

நிறையவே இருக்கிறது. 1963ல் எம்.ஜி.ஆர்., பானுமதி நடித்து, ஏ.காசிலிங்கம் இயக்கத்தில் வெளிவந்த 'கலை அரசி'யில் வேற்றுக் கிரகத்தார் பறக்கும் தட்டில் வந்து, தங்களுக்குச் சங்கீதம் கற்றுத்தர ஒரு பெண்ணைத் தூக்கிச் செல்கிறார்கள். மனிதன் நிலவில் கால் வைத்தது 1969ல்தான்! லயன் காமிக்ஸ் படித்தவர்களுக்குச் சட்டித்தலையன் ஆர்ச்சி என்ற ரோபோவைத் தெரியும். 1986ல் வந்த 'விக்ரம்' படத்தில் ஏவுகணையும் கம்ப்யூட்டரும் கதையையே நடத்தின.

'விக்ரம்' கதையை எழுதிய சுஜாதாதான் 'என் இனிய இயந்திரா'வையும் எழுதினார். 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த இந்தக் கதை, 2020களின் இந்தியாவில் நடக்கிறது. அதில் வரும் ஜீனோ என்ற ரோபோ நாய் பேசும், படிக்கும், யோசிக்கும். கம்ப்யூட்டரையே பார்த்திராத லட்சக்கணக்கானோருக்கு அதை வாராவாரம் அறிமுகம் செய்தது அந்தத் தொடர். அவர் கற்பனை செய்த அந்த ஆண்டுகளைத்தான் இப்போது நாம் வாழ்ந்து கொண்டிருக்கிறோம்.

புத்தகமாகக் கிடைக்கிறதே, பிறகென்ன?

கதை கிடைக்கும். ஆனால் வார இதழில் வந்த ஓவியம், பக்கத்தில் இருந்த விளம்பரம், அடுத்த வாரங்களில் வந்த வாசகர் கடிதம் எல்லாம் கிடைக்காது. எதிர்காலத்தைப் பற்றி அன்றைய ஜனங்கள் என்ன நினைத்தார்கள் என்பது அவற்றில்தான் இருக்கிறது. பாட்டுப் புத்தகமும் அப்படித்தான். பாதிக் கதையைச் சொல்லிவிட்டு, 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று முடிப்பார்கள். படம் ஓடி முடிந்ததும் அது பொட்டலம் மடிக்கப் போய்விடும்.

வடசென்னையில் ஃபேக்டரி வேலைக்குப் போனவர்கள் பலரும் வார இதழ் வாங்கிப் படித்து, தொடர்கதையை மட்டும் கிழித்து பைண்டு செய்து வைத்தார்கள். அந்த வீடுகள்தான் எங்கள் பகுதியின் நூலகம். பழைய புத்தகம் தேடுபவர்கள் ஒரு காலத்தில் மூர் மார்க்கெட்டுக்குத்தான் போவார்கள். 1985 மே மாதம் அது தீயில் எரிந்தது. எண்ணூர் மார்க்கத்தில் ஏறும் நாங்கள் இன்று வந்து இறங்கும் மூர் மார்க்கெட் புறநகர் ரயில் நிலையம் அந்த இடத்தில்தான் இருக்கிறது.

தீ ஒரு பக்கம் என்றால் தண்ணீர் ஒரு பக்கம். எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற தொழிலாளி ஒருவர், விஞ்ஞானத் தொடர்கதைகளை இரண்டு வால்யூமாக பைண்டு செய்து வைத்திருந்தார். முதல் வால்யூமைத் தந்தார். ஸ்கேன் செய்து திருப்பிக் கொடுத்தேன். அடுத்ததைப் பொங்கலுக்குப் பிறகு தருவதாகச் சொல்லியிருந்தார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் வந்தது. வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். இரண்டு வால்யூமும் கூழாகிவிட்டன. முதல் வால்யூம் மட்டும் இன்று என் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறது. அதை பிரிண்ட் எடுத்துக் கொடுத்தபோது பெரியவர் வாங்கிக்கொண்டு, "இன்னொண்ணு?" என்று கேட்டார். என்ன பதில் சொல்வது?

ஒரு பிரதி இன்னொரு இடத்தில் இருந்தால் போதும், ஒரு படைப்பே பிழைத்துவிடும். 1927ல் ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் லாங் எடுத்த 'மெட்ரோபோலிஸ்' எதிர்கால நகரத்தைக் காட்டிய மௌனப் படம். வெளிவந்த சில மாதங்களிலேயே அதை வெட்டிக் குறைத்துவிட்டார்கள். வெட்டிய காட்சிகள் 80 ஆண்டுகளாகக் கிடைக்கவில்லை. 2008ல் அர்ஜென்டினாவின் பியூனஸ் அயர்ஸ் மியூசியத்தில் ஒரு பிரதி அகப்பட்டது. அதில் சுமார் 25 நிமிடக் காட்சிகள் இருந்தன! அந்தப் படத்தின் ஒரு போஸ்டர் 2005ல் 6,90,000 டாலருக்கு விலை போனது.

எப்படி ஸ்கேன் செய்வது?

* 300 டிபிஐ, கலர் என்று வையுங்கள். கறுப்பு வெள்ளைப் பக்கமானாலும் கலரே நல்லது. சின்ன நோட்டீஸ், ஃபோட்டோ என்றால் 600 டிபிஐ.

* மெல்லிய தாளில் பின்பக்க எழுத்து தெரிந்தால், பின்னால் ஒரு கறுப்பு அட்டையை வையுங்கள்.

* அச்சுப் படங்களில் கட்டம் கட்டமாகக் கோடு விழுந்தால், ஸ்கேனர் சாஃப்ட்வேரில் 'டிஸ்க்ரீன்' வசதியை ஆன் செய்யுங்கள்.

* மூலப் பிரதியை டிஃப் ஃபைலாகவும், படிப்பதற்கு ஒரு நகலை ஜேபெக்காகவும் சேவ் செய்யுங்கள். ஒரு வார இதழ்ப் பக்கம் டிஃப்பில் சுமார் 23 எம்பி வரும். 500 பக்கம் என்றால் கிட்டத்தட்ட 12 ஜிபி. 16 ஜிபி பென் டிரைவில் அடங்கிவிடும்.

* ஃபைல் பெயரில் ஆண்டு, தலைப்பு, பக்க எண் இருக்கட்டும். யூனிகோடில் தமிழிலேயே பெயர் வைக்கலாம்.

* மூன்று பிரதி வையுங்கள். கம்ப்யூட்டரில் ஒன்று, வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, வெளியூர் உறவினர் வீட்டில் ஒன்று. வெள்ளம் மூன்று இடத்திலும் ஒரே நாளில் வராது.

ஸ்கேன் செய்தாயிற்று என்று தாளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கிழிந்த இடத்தில் செல்லோ டேப் ஒட்டாதீர்கள், லேமினேட் செய்யாதீர்கள். பசை தாளைப் பழுப்பாக்கும். கடற்கரைப் பகுதியில் ஈரக்காற்று அதிகம். அதனால் தரையிலிருந்து உயரமான அலமாரியில் வையுங்கள்.

ஒரு எச்சரிக்கை. நம் சட்டப்படி எழுத்தாளர் மறைந்த பிறகு 60 ஆண்டுகள் வரை அவர் எழுத்துக்குக் காப்புரிமை உண்டு. சுஜாதா மறைந்தது 2008ல். ஆகவே 2068 முடியும் வரை அவர் எழுத்தை ஸ்கேன் செய்து இன்டர்நெட்டில் போடக்கூடாது. வீட்டில் பாதுகாக்கத்தான் இந்த வேலை.

அபூர்வமானது ஏதாவது கிடைத்தால் தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் விசாரியுங்கள். அதுவும் கோட்டையூரில் ஒரு தனி மனிதர் தேடித் தேடிச் சேர்த்ததில் பிறந்ததுதான். பழைய இதழ்களைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இலவசமாகவே படிக்கலாம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை பரண் மேல் ஏறிப் பாருங்கள். தாத்தா பைண்டு செய்த வால்யூம் ஏதாவது இருந்தால், பழைய பேப்பர்காரர் வருவதற்குள் ஸ்கேனரில் வைத்துவிடுங்கள்!