கல் நெஞ்சும் கரையும்!

திருப்பத்தூரில் பஸ் ஏறினால், வளைந்து வளைந்து செல்லும் மலைப்பாதை நம்மைப் புதூர்நாட்டில் கொண்டுபோய் விடும். ஜவ்வாது மலையில் உள்ள ஊர் அது. அங்கு வாழும் பழங்குடி மக்களுக்கு "மலையாளிகள்" என்று பெயர். கேரளத்துக்காரர்கள் அல்ல, மலையில் வாழ்பவர்கள் என்று பொருள். சாமை அவர்களுடைய பயிர்.

மலைச் சரிவில் கல் இல்லாத நிலம் ஏது? கல்லைப் பொறுக்கி வரப்பிலே போட்டுவிட்டுத்தான் விதைக்க வேண்டும். கல் கிடக்கிறதே என்று உழவன் நிலத்தைக் கைவிடுவது இல்லை.

நிலம் சரி. மனிதனின் நெஞ்சு கல்லாகிவிட்டால்?

அதுவும் மாறும் என்பது கிறிஸ்தவர்களின் நம்பிக்கை. இது வெறும் பேச்சா? இல்லை. மலைவாழ் மக்கள் நிறைந்த இன்னொரு சீமையில், மத்தியப் பிரதேசத்தில் நடந்த ஓர் உண்மைச் சம்பவத்தைக் கேளுங்கள்.

பஸ்சில் நடந்த கொலை

கேரளத்தில் புல்லுவழி என்ற ஊரில் 1954-ம் ஆண்டு பிறந்தவர் ராணி மரியா. கன்னியாஸ்திரீ ஆனார். மத்தியப் பிரதேசத்தில் உள்ள உதயநகருக்குச் சென்று, ஏழை ஆதிவாசிகளிடையே தொண்டு செய்தார். வட்டிக் கடனில் மூழ்கிக் கிடந்த அந்த மக்களைச் சேமிக்கச் சொன்னார். தங்கள் உரிமையைக் கேட்கச் சொன்னார். வட்டி வாங்கிப் பிழைத்தவர்களுக்கு அது பிடிக்கவில்லை.

1995-ம் ஆண்டு பிப்ரவரி 25-ந் தேதி. ராணி மரியா இந்தூர் செல்லும் பஸ்சில் போய்க் கொண்டிருந்தார். சமந்தர் சிங் என்ற வாலிபன் கத்தியை உருவினான். பயணிகள் பார்த்துக் கொண்டிருக்க, அவரைப் பலமுறை குத்திக் கொன்றான். ராணி மரியாவுக்கு அப்போது வயது 41.

சமந்தர் சிங்குக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. ஜெயிலிலும் அவன் நெஞ்சு கொதித்துக் கொண்டே இருந்தது. தன்னை ஏவிவிட்டவர்கள் கைவிட்டுவிட்டார்களே என்ற ஆத்திரம்! வெளியே போனதும் பழி வாங்க வேண்டும் என்று துடித்தான்.

கையில் கட்டிய ராக்கி

அவனைத் தேடி ஜெயிலுக்கு வந்தார் சுவாமி சதானந்த் என்ற பாதிரியார். அவனோடு பேசிப் பழகினார். பிறகு 2002-ம் ஆண்டில், அவனைப் பார்க்க ஒரு பெண் வந்தார். அவர் செல்மி பால். அவரும் கன்னியாஸ்திரீதான், கொலையுண்ட ராணி மரியாவின் சொந்தத் தங்கை!

அன்று ரக்ஷா பந்தன். வடநாட்டில் பெண்கள் தங்கள் சகோதரர் கையில் ராக்கி என்னும் கயிற்றைக் கட்டும் நாள். செல்மி, அக்காளைக் குத்திய அந்தக் கையிலேயே ராக்கியைக் கட்டினார். "இனி நீ என் சகோதரன்" என்பதே அதன் பொருள்.

பின்னர் ராணி மரியாவின் தாயாரும் வந்தார். மகளின் ரத்தம் பட்ட கைகள் அல்லவா? அந்தக் கைகளை முத்தமிட்டார் தாயார்.

எந்தத் தண்டனைக்கும் அசையாத நெஞ்சு, அந்த அன்புக்கு முன் உருகியது.

சமந்தர் சிங்கை விடுதலை செய்யும்படி ராணி மரியாவின் குடும்பத்தாரே மனுச் செய்தார்கள். 2006-ம் ஆண்டு அவர் விடுதலையானார். மறு ஆண்டு புல்லுவழிக்குப் போய், பெற்றோரிடம் மன்னிப்புக் கேட்டார். அவர்கள் மகனைப் போல ஏற்றுக் கொண்டார்கள். 2017-ம் ஆண்டு நவம்பர் 4-ந் தேதி இந்தூரில் ராணி மரியாவுக்கு முக்திப்பேறு பட்டம் அளிக்கப்பட்டது. அந்த விழாவில் சமந்தர் சிங்கும் இருந்தார்.

முதல் அடி யாருடையது?

பைபிளிலும் இப்படி ஒரு கதை உண்டு. ஸ்தேவானைக் கல்லெறிந்து கொன்றபோது, கொன்றவர்களின் ஆடைகளுக்குக் காவல் நின்றவன் சவுல். ஸ்தேவானோ அவர்களுக்காகப் பிரார்த்தனை செய்தபடியே உயிர்விட்டார். அந்தச் சவுல்தான் பின்னாளில் பவுல் என்னும் அப்போஸ்தலர் ஆனார்.

மன்னிப்பு என்றால் குற்றத்தை மறைப்பது அல்ல. சமந்தர் சிங் பதினோரு ஆண்டு ஜெயிலில் இருந்தார். செல்மிக்கும் அந்தக் கயிற்றைக் கட்ட ஏழு ஆண்டுகள் ஆயின. இறந்த அக்காள் திரும்பி வரவும் இல்லை. ஆனால் பழிக்குப் பழி என்ற சங்கிலி அங்கே அறுந்தது.

நம் ஊரிலும் வரப்புத் தகராறில் முகம் பார்க்காத அண்ணன் தம்பிகள் இல்லையா? "அவன் திருந்தமாட்டான்" என்று எத்தனை பேரைத் தள்ளி வைத்திருக்கிறோம்!

கல் தானாக விலகுவது இல்லை. யாராவது ஒருவர் முதலில் குனிய வேண்டும். காயம்பட்டவரே முதலில் குனிந்தால், எந்த நிலத்திலும் விளைச்சல் உண்டு!