குறைமாதக் குழந்தையின் கண்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

“கண்ணே, மணியே” என்று குழந்தையைக் கொஞ்சுகிறோம். பிறந்த அன்று அந்தக் கண்ணின் அளவென்ன, வளைவென்ன என்று எண்ணிப் பார்த்ததுண்டா? ஒளியியல் பாடம் படித்த பின்புதான் எனக்கு இந்தக் கேள்வி எழுந்தது.

கண்ணின் முன்புறம், கைக்கடிகாரத்தின் கண்ணாடி போல் பொருந்தியிருக்கும் தெளிந்த படலமே கார்னியா. கண்ணுக்குள் புகும் ஒளியைப் பெரிதும் வளைப்பது உள்ளேயுள்ள லென்ஸ் அன்று, இந்தக் கார்னியாதான். 337.5 என்ற எண்ணைக் கார்னியாவின் வளைவு ஆரத்தால் (மி.மீ. அளவில்) வகுத்தால், அதன் திறன் டயாப்டரில் கிடைக்கும். ஆரம் குறையக் குறையத் திறன் கூடும். வளர்ந்தவர்களுக்கு ஆரம் ஏறத்தாழ 7.8 மி.மீ.; திறன் 43 டயாப்டர். நிறைமாதக் குழந்தைக்கு ஆரம் சுமார் 7 மி.மீ.; திறன் 48. மிகவும் முன்னதாகப் பிறந்த குழந்தைக்குத் திறன் 50ஐயும் தாண்டுவதுண்டு.

காரணம் எளிது. வளர்ந்தவர் கண்ணின் நீளம் சுமார் 24 மி.மீ.; நிறைமாதக் குழந்தைக்கு 17 மி.மீ. அளவுதான், குறைமாதக் குழந்தைக்கு அதனினும் குறைவு. விழித்திரை அவ்வளவு அருகில் இருப்பதால் ஒளியும் அருகிலேயே குவிய வேண்டும். பிறந்த பின், கண் நீள நீளக் கார்னியா தட்டையாகிக்கொண்டே வருகிறது. முதற் சில மாதங்களில் இம்மாற்றம் மிக விரைவானது. குறைமாதக் குழந்தைகளுள் சிலருக்கு மட்டும் வளைவு சற்று மிகுதியாகவே நின்று, பின்னாளில் கிட்டப்பார்வை வருகிறது. அதற்குக் கண்ணாடி போதும்.

ஆனால் விழித்திரையின் கதை வேறு. அதன் இரத்தக் குழாய்கள் கருவின் நான்காம் மாதத்தில் புறப்பட்டு, ஓரத்தை முழுவதும் எட்டுவது பத்தாம் மாதத்தில்தான். முன்னதாகப் பிறந்தால் அவை பாதி வழியில் நின்று, பிறகு தாறுமாறாக வளர்ந்து, விழித்திரையையே பிய்த்து இழுத்துவிடலாம். 1942இல் அமெரிக்க மருத்துவர் டெர்ரி இதனை முதலில் விவரித்தார். குழந்தையைக் காக்க அளவின்றிக் கொடுத்த ஆக்சிஜனே இந்நோயைப் பெருக்கியது என்பது 1950களில் புலனாயிற்று.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். “குழந்தை பால் குடிக்கிறது, எடை ஏறுகிறது, கண்ணும் பளிச்சென்று இருக்கிறது, பிறகென்ன?” என்றுதான் எங்கள் ஊரில் கேட்பார்கள். பளிச்சென்று இருப்பது கார்னியா. கேடு நிகழ்வது அதற்குப் பின்னே. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது.

ஆகவே 34 வாரத்துக்கு முன்போ, 2 கிலோவுக்குக் குறைந்த எடையிலோ பிறந்த குழந்தையை 30 நாட்களுக்குள் கண் மருத்துவரிடம் காட்டுவது இன்றியமையாதது. மிகச் சிறிய குழந்தையாயின் இரண்டு, மூன்று வாரங்களிலேயே காட்ட வேண்டும். உரிய காலத்தில் கண்டால் லேசர் சிகிச்சையால் பெரும்பாலும் பார்வையைக் காக்கலாம். விழித்திரை முற்றும் பிரிந்த பின் காப்பது அரிது. கார்னியா தன் கணக்கைத் தானே சரிசெய்து கொள்ளும். விழித்திரைக்கு நாம்தான் நாள் எண்ண வேண்டும். நண்பர்களே, அந்த 30 நாள் கணக்கை உங்கள் வீட்டிலும் தெருவிலும் சொல்லுங்கள்.