ஒரே இழையில் இரண்டு முடி... ரிலாக்ஸர் போட்ட எட்டாவது வாரத்தை எப்படிக் கடப்பது?

ரிலாக்ஸர் போட்டு எட்டு வாரம் ஆகிவிட்டது. நுனிப் பக்கம் வழுக்கிக்கொண்டு போகும் சீப்பு, வேர்ப் பக்கம் வந்ததும் நகர மறுக்கிறது. விரலை விட்டுப் பார்த்தால், தலையோடு ஒட்டி இரண்டு சென்டிமீட்டர் அளவுக்குச் சின்னச் சின்ன ஸ்பிரிங் போலச் சுருள்கள். அதற்குக் கீழே பட்டு நூல்போல நேரான முடி. அமெரிக்காவின் கறுப்பினப் பெண்கள் இந்தச் சுருள் பகுதியை ‘நியூ க்ரோத்’ என்கிறார்கள். நெற்றி ஓரத்து முடிக்கு ‘எட்ஜஸ்’, பிடரியில் சீக்கிரம் சுருண்டுகொள்ளும் முடிக்கு ‘கிச்சன்’ என்று தனித்தனிப் பெயர்களே உண்டு. அந்த அளவுக்கு வீட்டுப் பேச்சில் கலந்துவிட்ட விஷயம் இது.

உடனே டச்-அப் செய்துவிடலாமா, இல்லை இன்னும் நான்கு வாரம் தள்ளிப் போடலாமா? பல தலைமுறைகளாக இது அழகு சம்பந்தப்பட்ட கேள்வியாக மட்டும்தான் இருந்தது. 2022-ல் வந்த ஓர் ஆய்வு, அதை உடல்நலக் கேள்வியாகவும் மாற்றிவிட்டது.

க்ரீமுக்குள் இருப்பது காஸ்டிக் சோடா

முடிக்கு உறுதி தருவது கெரட்டின் என்ற புரதம். அந்தப் புரதச் சங்கிலிகளை ஒன்றோடு ஒன்று கட்டிவைப்பவை கந்தகப் பிணைப்புகள். ரிலாக்ஸர் கைவைப்பது இந்தப் பிணைப்புகளில்தான். பழைய வகை ரிலாக்ஸரில் இருப்பது சோடியம் ஹைட்ராக்சைடு. அதாவது, சோப்பு காய்ச்சவும் குழாய் அடைப்பு நீக்கவும் பயன்படும் அதே காஸ்டிக் சோடா. ஆரோக்கியமான தலைத்தோலின் பி.ஹெச் அளவு சுமார் 5.5 என்றால், இந்த க்ரீமின் அளவு 12-க்கும் மேல்.

இது இரண்டு கந்தக அணுக்கள் கொண்ட பிணைப்பை உடைத்து, ஒரே ஒரு கந்தக அணு கொண்ட வேறொரு பிணைப்பாக மாற்றிவிடுகிறது. இந்த மாற்றம் திரும்ப வராது. எத்தனை முறை குளித்தாலும், மழையில் நனைந்தாலும், ஒருமுறை நேரான முடி நேராகவே இருக்கும். ஆனால், வேருக்கு இந்தச் சங்கதி எதுவும் தெரியாது. அது பிறந்த நாளிலிருந்து செய்துவந்தபடியே சுருள் முடியைத்தான் வெளியே அனுப்பிக்கொண்டிருக்கும். மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர்.

‘நோ-லை’ என்று எழுதியிருக்கும் டப்பாக்களும் கடைகளில் கிடைக்கின்றன. வீட்டிலேயே போட்டுக்கொள்ளும் கிட்கள் பெரும்பாலும் இந்த ரகம்தான். கால்சியம் ஹைட்ராக்சைடு க்ரீமோடு குவானிடின் கார்பனேட் திரவத்தைக் கலந்து பூசவேண்டும். காஸ்டிக் சோடா இல்லை என்றதும் மென்மையானது என்று நினைத்துவிடுகிறார்கள். இதுவும் கடும் காரம்தான். தலைத்தோலில் எரிச்சல் கொஞ்சம் குறைவு, அவ்வளவே. போதாக்குறைக்கு, இது முடியின் மேல் கால்சியம் படிவை விட்டுப்போகும். அதனால் முடி வறண்டு, பளபளப்பு இழந்து நிற்கும். உப்புத் தண்ணீர்ப் படிவை நீக்கும் ‘கீலேட்டிங்’ ஷாம்பூ அவ்வப்போது தேவைப்படுவது இதனால்தான்.

அமெரிக்க நகைச்சுவை நடிகர் கிறிஸ் ராக் 2009-ல் ‘குட் ஹேர்’ என்று ஓர் ஆவணப்படம் எடுத்தார். தனக்கு ஏன் நல்ல முடி இல்லை என்று அவருடைய சின்ன மகள் கேட்டதுதான் படத்துக்கு விதை. அதில், சோடியம் ஹைட்ராக்சைடில் போட்ட அலுமினிய சோடா கேன் கரைந்துபோவதைக் காட்டுவார்கள். ரிலாக்ஸருக்கு அங்கே செல்லப்பெயர் ‘க்ரீமி கிராக்’. போதைப்பொருளைப்போல, ஆரம்பித்தால் விட முடியாது என்று பொருள்.

நம் ஊர் பார்லர்களில் செய்யும் ரீபாண்டிங் வேறு வேதியியல். அதில் பெரும்பாலும் தயோகிளைக்கோலேட் என்ற ரசாயனம் இருக்கும். இரண்டும் ஒத்துப்போகாது. ரீபாண்டிங் செய்த முடியின் மேல் ரிலாக்ஸரோ, ரிலாக்ஸர் போட்ட முடியின் மேல் ரீபாண்டிங்கோ செய்தால் முடி கையோடு வந்துவிடக்கூடும். வெளிநாடு போய் புது சலூனில் உட்காரும் சுருட்டை முடிக்காரர்கள், முன்பு என்ன செய்தோம் என்பதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

முறிவது அந்த எல்லைக்கோட்டில்தான்

சரி, எட்டாவது வாரத்தில் என்ன ஆபத்து? இழையின் வெட்டுமுகத்தைப் பார்த்தால், ஆப்பிரிக்க வம்சாவளியினரின் முடி வட்டமாக இல்லாமல் தட்டையான நீள்வட்டமாக இருக்கும். அது முறுக்கிக்கொள்ளும் ஒவ்வொரு திருப்பமும் ஒரு பலவீனமான இடம். தலைத்தோலில் சுரக்கும் எண்ணெய் இந்த வளைவுகளில் இறங்கி நுனிவரை போகாது; அதனால் எப்போதும் வறட்சி. மறுபக்கம், ரிலாக்ஸர் போட்ட பகுதி பிணைப்புகளை இழந்து ஏற்கெனவே மெலிந்திருக்கிறது. சுருளும் நேர்முடியும் சந்திக்கும் கோட்டில் இந்த இரண்டு பலவீனங்களும் ஒன்றுசேர்கின்றன. நனைந்தால் சுருள் பகுதி சுருங்கும், நேரான பகுதி நீண்டே கிடக்கும். சீப்பு இழுக்கும் விசை முழுக்க அந்தக் கோட்டில்தான் விழும்.

எனவே, இந்த வாரங்களில் நல்ல பராமரிப்பு என்பது முக்கால்வாசி சிக்கெடுக்கும் விதத்தில்தான் இருக்கிறது. உலர்ந்த புதுமுடியில் சீப்பை விடவே கூடாது. தலையை நான்கைந்து பாகமாகப் பிரித்து, வழுக்கும் தன்மையுள்ள கண்டிஷனரைத் தாராளமாகத் தடவி, முதலில் விரலால் பிரிக்க வேண்டும். பிறகுதான் அகலப் பல் சீப்பு. நுனியில் ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வர வேண்டும். எல்லைக்கோட்டுக்கு வந்ததும், இன்னொரு கையால் வேர்ப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டால் இழுவை குறையும். ஒரு தலைக்கு ஒரு மணி நேரம் ஆகலாம். அவசரத்துக்கு இடமே இல்லாத வேலை.

தண்ணீருக்குப் பயப்படுவது இன்னொரு பழக்கம். நனைந்தால் வேர் சுருண்டுவிடும் என்று வாரக்கணக்கில் தலைக்குக் குளிக்காமல் இருப்பார்கள். உண்மையில் அந்தப் புதுமுடி கேட்பது ஈரத்தைத்தான். வாரம் ஒருமுறையாவது சல்ஃபேட் இல்லாத ஷாம்பூ, அதன்பின் அரை மணி நேரம் ஊறும் டீப் கண்டிஷனர், ஈரம் காயுமுன் லீவ்-இன் க்ரீம், அதன்மேல் கொஞ்சம் எண்ணெய்... இதுதான் அனுபவமுள்ள சிகை அலங்காரக் கலைஞர்கள் சொல்லும் வரிசை. முடி ரப்பர்போல இழுபட்டு அறுந்தால் புரதச் சிகிச்சை உதவும். அதையே வாராவாரம் செய்தால் முடி விறைத்து ஒடியும்.

தலையில் இரண்டு ரகம் தெரிகிறதே என்ற கூச்சத்துக்கும் ஒரு வழி உண்டு. வேரை நேராக்க முயல்வதைவிட, நுனியைச் சுருளவிடுவது சுலபம். ஈர முடியை ரோலரில் சுற்றியோ, சின்னச் சின்னப் பின்னலாகப் போட்டு உலரவிட்டு அவிழ்த்தோ விட்டால், மொத்த முடியும் ஒரே அலையாகத் தெரியும். தினமும் வேரில் அயர்ன் வைத்து இழுப்பவர்களுக்கு, ஒரு மாதத்தில் அந்தக் கோட்டில் முடி உதிர்வது கண்கூடாகத் தெரியும். கொண்டையோ பின்னலோ, இறுக்கிக் கட்டவே கூடாது. நெற்றி ஓரத்தில் தொடர்ந்து இழுபடும் வேர்கள் நாளடைவில் நிரந்தரமாகவே செத்துப்போகலாம். இரவில் சாட்டின் துணி கட்டிக்கொண்டு படுப்பார்கள். பருத்தித் தலையணை உறை ஈரத்தை உறிஞ்சுவதோடு, உராய்ந்து முடியை உடைக்கவும் செய்யும்.

வியர்வையும் ஒரு பிரச்னை. வியர்த்தால் வேர் சுருண்டுகொள்ளும். சலூனில் செலவழித்த காசு வீண். இதற்காகவே உடற்பயிற்சியைத் தவிர்க்கும் பெண்கள் உண்டு. 2011-ல் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவ அதிகாரியாக இருந்த ரெஜினா பெஞ்சமின், அட்லாண்டாவில் நடந்த ஒரு பெரிய சிகை அலங்காரக் கண்காட்சிக்கே நேரில் போய், முடிக்காக உடற்பயிற்சியை விட்டுவிடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு விநோதமாகத் தெரியும். ஆனால், அவர் போன இடம் சரியான இடம்.

டச்-அப் என்றால் வேருக்கு மட்டும்

டச்-அப்பில் அடிக்கடி நடக்கும் தவறு, க்ரீம் எல்லைக்கோட்டைத் தாண்டி வழிவது. ஏற்கெனவே பிணைப்பு மாறிய முடியில் மறுபடியும் காரம் பட்டால், அது தாங்காது. அதனால் பழைய முடியில் முன்கூட்டியே வாசலினோ கெட்டியான கண்டிஷனரோ பூசிவிடுவார்கள். நெற்றி ஓரம், காது, பிடரி ஆகிய இடங்களிலும் வாசலின் காப்பு உண்டு. தலைத்தோலிலிருந்து சற்று இடைவெளி விட்டு, புதுமுடியில் மட்டுமே க்ரீம் தடவ வேண்டும். மெல்லிய முடியுள்ள நெற்றி ஓரம் கடைசியில்தான்.

இரண்டு மூன்று நாள்களுக்கு முன்பிருந்தே தலையைச் சொறியக் கூடாது, ஷாம்பூ போட்டுத் தேய்க்கக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத கீறலில்கூட க்ரீம் பட்டால் புண்ணாகும். புண் இருந்தால் அன்றைக்கு ரிலாக்ஸரே வேண்டாம். எரிய எரியத்தான் முடி நன்றாக நேராகும் என்று சில வீடுகளில் சொல்வதுண்டு. எரிச்சல் என்பது உடனே கழுவு என்று தோல் சொல்வது. கழுவிய பிறகு நியூட்ரலைசிங் ஷாம்பூ. சில பிராண்டுகளில் காரம் மிச்சமிருந்தால் நுரை இளஞ்சிவப்பாக மாறும். வெள்ளை நுரை வரும்வரை அலசியாக வேண்டும்.

வருடத்துக்கு எத்தனை முறை?

இனி அந்த 2022 ஆய்வு. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் ‘சிஸ்டர் ஸ்டடி’யில் 35 முதல் 74 வயதுவரையிலான 33,497 பெண்களைச் சுமார் 11 வருடங்கள் தொடர்ந்து கவனித்தார்கள். அவர்களில் 378 பேருக்குக் கர்ப்பப்பைப் புற்றுநோய் வந்தது. முடியை நேராக்கும் ரசாயனங்களைப் பயன்படுத்தாத பெண்களுக்கு 70 வயதுக்குள் இந்தப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 1.64 சதவிகிதம் என்றும், முந்தைய ஒரு வருடத்தில் நான்கு முறைக்கு மேல் பயன்படுத்தியவர்களுக்கு 4.05 சதவிகிதம் என்றும் கணக்கிட்டார்கள். ஹேர் டை போன்ற மற்ற பொருள்களில் இந்தத் தொடர்பு தெரியவில்லை.

இதை நிதானமாகப் படிக்க வேண்டும். நூறில் நான்கு பேர் என்பது இன்னமும் சிறிய எண்தான். ஆய்வில் இருந்த எல்லோரும் மார்பகப் புற்றுநோய் வந்த ஒருவரின் சகோதரிகள். எந்த பிராண்டு, எந்த ரசாயனம் என்றெல்லாம் கேட்கவில்லை. ரிலாக்ஸர்தான் காரணம் என்று இது நிரூபிக்கவும் இல்லை. தொடர்பு இருக்கிறது என்கிறது. ஆனால், முந்தைய வருடத்தில் இந்த ரசாயனங்களைப் பயன்படுத்தியவர்களில் சுமார் 60 சதவிகிதம் பேர் கறுப்பினப் பெண்கள். அதனால் சுமை யார் தலையில் விழுகிறது என்பதில் சந்தேகமில்லை. ஆய்வு வெளியான பிறகு நிறுவனங்கள் மீது ஆயிரக்கணக்கான வழக்குகள் தொடரப்பட்டு, சிகாகோ ஃபெடரல் நீதிமன்றத்தில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டிருக்கின்றன. நிறுவனங்கள் குற்றச்சாட்டை மறுக்கின்றன.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எட்டு வாரத்துக்கு ஒருமுறை டச்-அப் என்றால் வருடத்துக்கு ஆறேழு முறை. பன்னிரண்டு வாரம் தள்ளினால் நான்கு முறை. நான்குக்குக் கீழே போனால் ஆபத்தில்லை என்று ஆய்வு சொல்லவில்லை. ஆனாலும், ரிலாக்ஸரை விட மனமில்லாதவர்களுக்குப் புதுமுடியோடு இன்னும் நான்கு வாரம் வாழக் கற்றுக்கொள்வது, முடிக்கும் தலைத்தோலுக்கும் நல்லது என்பது எப்படியும் நிச்சயம்.

இவ்வளவு தெரிந்தும் ஏன் போடுகிறார்கள் என்று கேட்பது எளிது. 1900-களின் தொடக்கத்தில் தையல் மெஷின் ஊசிக்கான திரவத்தைச் சோதித்துக்கொண்டிருந்த காரெட் மார்கன், அது துணியின் இழைகளை நேராக்குவதைக் கவனித்து, முடியை நேராக்கும் க்ரீமை விற்கத் தொடங்கினார். 1954-ல் சிகாகோவில் ஜார்ஜ் ஜான்சன் தொடங்கிய நிறுவனம் இதைப் பெரிய தொழிலாக்கியது. இருவருமே கறுப்பினத்தவர்கள். நேரான முடி இருந்தால்தான் வேலை, மரியாதை என்றிருந்த நாட்டில் அது வெறும் ஆசையாக இருக்கவில்லை. இயற்கையான முடிக்காகப் பள்ளியிலோ வேலையிலோ பாகுபாடு காட்டக் கூடாது என்று கலிஃபோர்னியா முதன்முதலில் ‘க்ரவுன்’ சட்டம் கொண்டுவந்ததே 2019-ல்தான். வெள்ளை மாளிகையில் இருந்த காலத்தில் தலையைப் பின்னிக்கொள்ள விரும்பியும், நாடு அதற்குத் தயாராக இல்லை என்று தவிர்த்ததாக மிஷெல் ஒபாமாவே பிற்பாடு சொல்லியிருக்கிறார்.

ரிலாக்ஸரை முழுக்க நிறுத்த நினைப்பவர்களுக்கு இரண்டு வழி. எல்லைக்கோடு வரை மொத்தமாக வெட்டிவிடுவது ஒன்று. ‘பிக் சாப்’ என்பார்கள். தைரியம் வராதவர்கள் சில வாரங்களுக்கு ஒருமுறை நுனியை வெட்டிக்கொண்டே வருவார்கள். அப்படியானால் ஒரு வருடத்துக்கும் மேல் இரண்டு ரக முடியோடு இருக்க வேண்டிவரும். மேலே சொன்ன சிக்கெடுக்கும் பாடம் அத்தனை நாளும் தொடரும்.

உச்சந்தலையில் முடி அடர்த்தி குறைந்து, தோல் வழவழவென்று மின்ன ஆரம்பித்தால் எண்ணெய் மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காமல் தோல் மருத்துவரிடம் போக வேண்டும். தழும்பாகும் வகை முடி உதிர்வில், போன முடி திரும்ப வராது. இருப்பதைக் காப்பாற்றத்தான் முடியும். மாதவிடாய் நின்ற பிறகு ரத்தப்போக்கு ஏற்பட்டால், ஒருமுறை கொஞ்சமாகத் தெரிந்தாலும், மகப்பேறு மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். எத்தனை வருடம், எவ்வளவு இடைவெளியில் ரிலாக்ஸர் பயன்படுத்தினோம் என்பதையும் அவரிடம் சேர்த்துச் சொல்லலாம்.