மண்தடத்தில் முதல் நாள்: ராலிகிராஸ் பழகுவோரைக் காப்பது எது?

ராலிகிராஸ் என்றால் ஐரோப்பாவில் ஒரு பந்தயம், அமெரிக்காவில் வேறொரு பந்தயம். ஐரோப்பிய ராலிகிராஸ் 1967 பிப்ரவரியில் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் உள்ள லிடன் ஹில்லில், தொலைக்காட்சியில் காட்டுவதற்கென்றே தொடங்கியது. முதல் போட்டியில் போர்ஷே 911 ஓட்டிய விக் எல்ஃபோர்ட் வென்றார். பாதி தாரும் பாதி மண்ணுமான சுற்றுத்தடத்தில் பல கார்கள் ஒன்றாகப் புறப்பட்டு, இடித்துத் தள்ளி முந்தும் பந்தயம் அது. அமெரிக்காவில் 1944 முதல் இயங்கிவரும் ஸ்போர்ட்ஸ் கார் கிளப் ஆஃப் அமெரிக்கா என்ற அமைப்பு நடத்தும் ராலிகிராஸ் அப்படியல்ல. மண் திடலிலோ புல்வெளியிலோ பிளாஸ்டிக் கூம்புகளை வைத்து வழி அமைப்பார்கள். கார்கள் ஒவ்வொன்றாகப் போகும், போட்டி கடிகாரத்தோடுதான். திங்கட்கிழமை வேலைக்கு ஓட்டிப்போகும் காரையே ஞாயிற்றுக்கிழமை இங்கே கொண்டுவரலாம். பந்தயமே பார்த்திராதவர்கள்கூட முதல் முறையாக மண்ணில் கார் ஓட்ட வருவது இங்கேதான். இந்தக் கட்டுரை அவர்களைப் பற்றியது.

புதியவர் தவறு செய்வார். திருப்பத்துக்குள் வேகமாக நுழைவார், பிரேக்கைத் தாமதமாக மிதிப்பார், கார் சுழன்று எதிர்ப்பக்கம் பார்த்து நிற்கும். அந்தத் தவறு ஒரு கூம்பு சாய்வதோடு முடியும்படி திடலை அமைப்பதுதான் பாதுகாப்பின் முக்கால் பங்கு. மீதி, பக்கத்து இருக்கையில் உட்காரும் பயிற்றுநர் எதைச் சொல்கிறார், எதைச் சொல்லாமல் விடுகிறார் என்பதில் இருக்கிறது. 'ஜாக்கிரதையாக ஓட்டுங்கள்' என்று காலையில் ஒருமுறை ஒலிபெருக்கியில் சொல்லிவிடுவதால் யாரும் ஜாக்கிரதையாக ஓட்டிவிடுவதில்லை.

விதிமுறையே இதில் பெரிய உதவி. தார்த்தளத்தில் கூம்புகளுக்கிடையே ஓட்டும் ஆட்டோகிராஸ் போட்டியில் பல ஓட்டங்களில் சிறந்த நேரம் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். ராலிகிராஸில் எல்லா ஓட்டங்களின் நேரத்தையும் கூட்டுவார்கள். ஒரு கூம்பை இடித்தால் 2 விநாடி, இரு கூம்புகளுக்கு நடுவே போகவேண்டிய ஒரு வாயிலைத் தவறவிட்டால் 10 விநாடி தண்டனை. ஓர் ஓட்டத்தில் தலைதெறிக்கப் போய்த் தடம் மாறினால் அன்றைய நாள் முழுவதும் அதன் சுமை கூடவே வரும். ஆகவே பத்தில் ஒன்பது பங்கு வேகத்தில் ஒவ்வொரு முறையும் சுத்தமாக வருபவரே முன்னே நிற்கிறார். அடக்கத்துக்குப் பரிசு கொடுக்கும் இந்தக் கணக்கைப் புதியவருக்குக் காலையிலேயே விளங்கவைத்தால், பாதி அறிவுரை மிச்சம்.

மண்ணில் உண்மையிலேயே அஞ்சவேண்டியது கார் உருளுவது. அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகத்தின் கணக்குப்படி, ஒரே வாகனம் சிக்கும் உருளல் விபத்துகளில் சுமார் 95 சதவீதம், சக்கரம் எதிலாவது தட்டியோ புதைந்தோ நிகழ்பவை. திருப்பத்தின் வேகம் மட்டுமே சமதரையில் காரைக் கவிழ்ப்பது அபூர்வம். பக்கவாட்டில் சறுக்கும்போது டயர் மென்மண்ணுக்குள் இறங்குகிறது, அல்லது பள்ளத்தின் கரையில் மோதுகிறது. கீழே சக்கரம் நின்றுவிட, மேலே உடல் நகர்ந்துகொண்டே இருக்க, கார் புரளுகிறது. இதைக் கணிக்க எளிய வாய்ப்பாடு ஒன்று உண்டு. இடது, வலது சக்கரங்களுக்கு இடையே உள்ள அகலத்தை, தரையிலிருந்து காரின் எடைமையம் இருக்கும் உயரத்தின் இருமடங்கால் வகுக்க வேண்டும். சாதாரணக் கார்களுக்குப் பெரும்பாலும் 1.3 முதல் 1.5 வரை வரும், எஸ்யூவிகளுக்கு 1.0 முதல் 1.3 வரை. எண் குறையக் குறைய உருளும் ஆபத்து கூடும். உயரமான வண்டிகளைத் திடலுக்குள் விடாமல் திருப்பி அனுப்புவது இதனால்தான். 'என் வண்டி மலையே ஏறும், இந்த மைதானத்தில் என்ன ஆகும்?' என்று சிலர் வருத்தப்படுவார்கள். மலை ஏறத் தேவைப்படும் உயரம்தான் இங்கே ஆபத்து.

தடம் அமைப்பவருக்கும் இதே கவலை. நீண்ட நேர்வழிக்குப் பின் கூர்மையான திருப்பம் வைக்கக் கூடாது. மரம், வேலி, வாய்க்கால் இருக்கும் பக்கமாகக் கார் சறுக்கும்படி வளைவு வரக் கூடாது. காலையில் வழவழப்பாக இருக்கும் வளைவில், பிற்பகலுக்குள் பல கார்கள் போய்ப்போய்ச் சக்கரம் புதையும் பள்ளம் விழுந்துவிடும். நல்ல அமைப்பாளர் நாள் முழுதும் அந்தப் பள்ளங்களின் ஆழத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார். ஆழமானால் போட்டியை நிறுத்தி, கூம்புகளை நகர்த்தி, வழியை வேறு மண்ணுக்கு மாற்றுவார். இதற்குத் தயங்கும் அமைப்பாளரின் திடலில் புதியவரைச் சேர்க்கவே கூடாது என்பேன்.

டயர் காற்றும் இதோடு சேர்ந்தது. மண்ணில் பிடிப்பு வேண்டுமென்று காற்றைக் குறைக்கலாம் என யாராவது சொல்லிவைப்பார்கள். பக்கவாட்டுச் சறுக்கலில் காற்றுக் குறைந்த டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும்; பிறகு வெறும் ரிம் மண்ணைக் குத்தும். முதல் நாளில் காற்றைக் குறைக்காமல் இருப்பதே நல்லது.

ஓட்டத்துக்கு முன் வண்டிக்குள் இருக்கும் தளர்வான பொருள் அத்தனையும் வெளியே வரவேண்டும்: தண்ணீர் பாட்டில், கால்மிதி, ஜாக்கி, பின்பெட்டியில் கிடக்கும் ஸ்டெப்னி. பேட்டரி அசையாமல் கட்டப்பட்டிருக்கிறதா, சக்கர நட்டுகள் இறுக்கமா, இழுத்துச்செல்லக் கொக்கி மாட்டும் இடம் இருக்கிறதா என்று பரிசோதகர் பார்ப்பார். ஹெல்மெட்டில் ஸ்னெல் அறக்கட்டளை போன்ற அமைப்பு ஒன்றின் தர முத்திரை இருக்க வேண்டும். முதுகு இருக்கையோடு ஒட்டியிருக்க, நீட்டிய கையின் மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் உச்சியைத் தொட வேண்டும். கட்டைவிரலை ஸ்டீயரிங் வளையத்துக்கு உள்ளே மடக்கிப் பிடிக்கக் கூடாது. சக்கரம் பள்ளத்தில் இடறினால் ஸ்டீயரிங் உதைத்துத் திரும்பும், விரல் போய்விடும்.

இனி ஓட்டுவது. தார்ச்சாலையில் பழகிய காலுக்கு மண்ணின் கணக்குத் தெரியாது. உலர்ந்த நல்ல தாரில் மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் கார், பிரேக் பிடித்த இடத்திலிருந்து ஏறக்குறைய 18 மீட்டரில் நிற்கும். பிடிப்பு பாதியாகிவிடும் தளர்ந்த மண்ணில் அதே காருக்கு ஏறக்குறைய 36 மீட்டர் வேண்டும். ஏபிஎஸ் இருக்கிறதே என்றால், சரளைமண்ணில் அது நிற்கும் தூரத்தைக் கூட்டவும் செய்யும். பூட்டிய சக்கரம் முன்னால் மண்ணைக் குவித்துத் தடுப்பதை அது நடக்கவிடாது. டயரின் பிடிப்பு மாதச் சம்பளம் மாதிரி. பிரேக்குக்கே முழுவதையும் செலவழித்தால் திரும்புவதற்கு மிச்சம் இராது. அதனால் பயிற்றுநர்கள் முதலில் சொல்லிக்கொடுக்கும் வரிசை இது: வண்டி நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறை, பிரேக்கை விடு, பிறகு திருப்பு.

ஸ்டீயரிங்கைத் திருப்பியும் கார் நேராகவே போனால், புதியவர் இன்னும் அதிகமாகத் திருப்புவார். உழுதுகொண்டு போகும் முன்சக்கரம் அதனால் இன்னும் பிடிப்பை இழக்கும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலைச் சற்று எடுத்து, ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் தளர்த்தி, பிடிப்பு திரும்பும்வரை ஒரு கணம் பொறுக்க வேண்டும். அந்தப் பொறுமைதான் கற்க மிகக் கடினமானது. பின்பக்கம் வழுக்கினால், போகவேண்டிய இடத்தைப் பார்த்தபடி அந்தப் பக்கமே ஸ்டீயரிங்கைத் திருப்ப வேண்டும். வண்டி நேராகத் தொடங்கியதும் விரைவாக மீட்க வேண்டும். மீட்கத் தாமதித்தால் கார் எதிர்ப்பக்கம் சாட்டையாக அடிக்கும். முன்சக்கர இயக்கக் கார்களில், வளைவின் நடுவே பயந்து காலைச் சட்டென்று எடுத்தாலே எடை முன்னே சாய்ந்து பின்பக்கம் வழுக்கத் தொடங்கும். சுழற்சி கைமீறிவிட்டால் ஒரே கட்டளைதான்: இரண்டு காலும் கீழே. கிளட்சும் பிரேக்கும். தடத்தை விட்டு வெளியே போய்விட்டால் பக்கவாட்டாகத் திரும்ப முயலாமல், சக்கரங்களை நேராக்கி, நேராகவே போய் நிற்க வேண்டும். கௌரவத்துக்காக வளைத்துத் திரும்பும்போதுதான் கார் புரளும்.

இத்தனையையும் ஆளுவது கண். பதற்றத்தில் கண் எதைப் பிடிக்கிறதோ, கை அதை நோக்கியே காரைத் திருப்பும். இடிக்கக் கூடாத கூம்பையே பார்த்துக்கொண்டு போனால் அதில்தான் இடிப்போம். ஓட்டத்துக்கு முன் தடத்தைக் காலால் நடந்து பார்ப்பது இதற்காகவும்தான். எங்கே மண் மென்மை, எங்கே சரிவு, எந்த வாயிலுக்குப் பின் எந்த வாயில் என்று மனத்தில் பதிந்தவரின் கண் அடுத்த வாயிலுக்கு முன்கூட்டியே போய்விடும்.

பக்கத்தில் உட்காரும் பயிற்றுநர் ஓர் ஓட்டத்தில் ஒரே ஒரு குறையைத் திருத்தினால் போதும். திருப்பம் முடிந்த பிறகு வரும் விளக்கம் அந்தத் திருப்பத்துக்குப் பயன்படாது; 'தூரம் பார்', 'பொறு', 'விடு' என்று ஒற்றைச் சொல், திருப்பத்துக்கு முன்பே வர வேண்டும். இடதுகாலால் பிரேக் பிடிக்கும் உத்தியைச் சொல்லித்தரப் பலருக்கு ஆசை வரும். நியூ ஹாம்ப்ஷரின் டால்டனில் உள்ள டீம் ஓ'நீல் போன்ற ராலிப் பள்ளிகளில் அது அடிப்படைப் பாடம்தான். ஆனால் அங்கே அதைப் பழக அகன்ற வெற்றுத் திடலும், திரும்பத் திரும்பச் செய்ய நேரமும் உண்டு. கிளட்சை அழுத்தியே பழகிய இடதுகால் பிரேக்கை முதல் தடவை தொடும்போது ஓங்கி மிதித்துவிடும். போட்டி நாளின் காலையில், கடிகாரம் ஓடும்போது, அது வேண்டாம்.

ஓட்டாத நேரத்தில் போட்டியாளர்களே திடலில் நின்று சாய்ந்த கூம்புகளை நிமிர்த்துவார்கள். புதியவரை அனுபவசாலி ஒருவரோடு சேர்த்து நிறுத்த வேண்டும். ஓடும் காருக்கு முதுகு காட்டக் கூடாது. கைபேசியைப் பார்க்கக் கூடாது. வளைவின் வெளிப்பக்கம் நிற்கக் கூடாது. சிவப்புக் கொடி கையில் தயாராக இருக்க வேண்டும். அங்கே நின்று பத்துக் கார்கள் ஒரே வளைவில் என்னென்ன செய்கின்றன என்று பார்ப்பது, நல்ல பாடமும்கூட.

கடைசி ஓட்டம் முடிந்ததும் பெரும்பாலான புதியவர்கள் அதே காரில்தான் நெடுஞ்சாலை ஏறி வீட்டுக்குப் போகிறார்கள். கிளம்புவதற்கு முன் சக்கர நட்டுகளை மறுபடி இறுக்க வேண்டும். ரிம்முக்குள் அடைந்த சேற்றைத் தோண்டி எடுக்காவிட்டால் வேகம் கூடியதும் ஸ்டீயரிங் அதிரும். டயரின் ஓரத்துக்கும் ரிம்முக்கும் இடையே புல் செருகியிருந்தால் காற்று மெல்ல இறங்கும். அதையும் பார்க்க வேண்டும். ஜாக்கியும் ஸ்டெப்னியும் பின்பெட்டிக்குத் திரும்ப வேண்டும். திடலை விட்டு வெளியேறும் முன் மெதுவாக நாலைந்து முறை பிரேக்கை மிதித்துப் பார்த்துவிட்டு, பிறகு சாலைக்கு வரலாம்.